தொண்டியார் பெயரும் நம் ஆராய்ச்சியும்

சென்ற நாற்பது ஐம்பது ஆண்டுகளாகத் தமிழகத்தைக் குறித்துச் சரித்திரத்திலும், இலக்கியத்திலும், படக்காட்சித் துறையிலும், இஸ்லாமிய ஆராய்ச்சியிலும் புதிய நூல்கள் பல வெளிவந்துள்ளன. நம் புத்தகசாலை அலமாரிகளில் இவற்றுட் சில வந்து அமர்ந்திருப்பதை மாணவர் கண்டிருப்பர். எடுத்துப் புரட்டியவர் சிலரே. புரட்டியவருள்ளும் பலர், இவை மேனாட்டுப் பல்கலைக்கழகத்தார் தமக்குள் நடத்தும் விவகாரம் என்றெண்ணி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டனர். இது வருந்தத்தக்கது. அந்நூல்களிற் பேசப்படுவோர் நம் பாட்டன்மாரும் பாட்டிமாருமாவர். பேசப்படும் தெருக்கள் நம்முள் பலர் நாடோறும் நடந்துவரும் தெருக்களாம்.

இப்பொருள் பற்றி எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுதல் நலம். மேற்சொன்ன நான்கு துறையாரும் தனித்தனி அறையில் அமர்ந்து எழுதுங்காறும் அவர்தம் உழைப்பின் பயன் பாதியே. நால்வரும் சேர்ந்து ஒரு தெருவுக்குள் நடந்து வரவேண்டும். வந்து கண்டவற்றைத் தமிழிலே அத்தெருவாருக்குத் திருப்பிச் சொல்லவும் வேண்டும். அதற்கு ஏற்ற இடம் இராயபுரம் முதல் எண்ணூர் வரை கிடக்கும் நம் வடசென்னைக் கடற்கரையே என்பது எமது துணிபு. பொதுப்படப் பேசுதலினும் ஓர் உதாரணம் காட்டுதல் விளக்கந் தருமாதலின், தண்டையார்பேட்டை என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம்.

இராமநாதபுரச் சீமையிலே தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியிற் பிறந்தவர் சுல்தான் அப்துல் காதிர் என்பார். குணங்குடி மஸ்தான் சாகிபு என உலகம் அழைப்பது இவரையே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் பிறந்த இப்பெரியார், துறவு பூண்டு பல இடங்களில் அலைந்து, கடைசியில் வடசென்னைக்கு வந்து, அந்நாளில் முட்காடாயிருந்த ஓரிடத்தில் தங்கித் தவம் புரிந்தார் என்பர். அவர் அடங்கிய இடத்தில் தர்கா இன்றும் உள்ளது. தொண்டியிலிருந்து வந்தமையால் அவரை மக்கள் 'தொண்டியார்' என்றழைத்தனர் என்றும், தொண்டியார் வாழ்ந்த பேட்டையே தொண்டியார்பேட்டையாகிப் பின்னர்த் தண்டையார்பேட்டை எனத் திரிந்தது என்றும் அவ்வட்டாரத்துப் பெரியோர் சொல்லக் கேட்கலாம். அச்சிட்ட நூல்கள் பலவும் அவ்வாறே கூறும்.

இனிக் கும்பெனியாரின் ஏடுகளைப் பார்ப்போம். 1693-ம் ஆண்டில் அவர்கள் சென்னைக் கோட்டையைச் சார்ந்த மூன்று ஊர்களைப் பெற்றனர். அவை எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை என்பன. பின்னர் 1708-ல் திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு, நுங்கம்பாக்கம் என்னும் ஐந்து ஊர்கள் அவர்கள் கைக்கு வந்தன. வெள்ளையர் நாவிலும் எழுதுகோலிலும் இப்பெயர்கள் பலவாறு சிதைந்து கிடப்பினும், ஊர் இன்னதென அறிவதற்குத் தடையில்லை. மஸ்தான் சாகிபு பிறப்பதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னரே தண்டையார்பேட்டை என்னும் ஊர் இருந்தது என்பது இதனால் வெள்ளிடைமலை. ஆகவே, ஊர்ப்பெயருக்கு அவரே காரணர் என்னும் கூற்று நிலைபெறாது.

இவ்விடத்தில் மாணவன் செல்லக்கூடிய எளிய வழிகள் இரண்டு. ஏட்டைக் கண்டவுடன் ஊரார் கதையை எள்ளி நகையாடி விலக்குதல் ஒன்று. ஊரார் கதையின்மேற் கொண்ட பற்றினால் ஏட்டையும் ஏடு காட்டியவனையும் பகைத்தல் மற்றொன்று. முன்னதைச் செய்பவன் தன்னைச் சரித்திரக்காரன் என்று எண்ணிக்கொள்கிறான். பின்னதைச் செய்பவன் தன்னைப் பக்திமான் என்று எண்ணிக்கொள்கிறான். இருவரும் விசாரணையைப் பாதி வழியில் நிறுத்தியவரே. புதிய ஆராய்ச்சி நமக்குக் கற்பிக்கும் மூன்றாவது வழியொன்றுண்டு. 'நிகழ்ந்தது யாது?' என்று கேட்டு விடை பெற்ற பின்னர், 'நிகழாததை மக்கள் ஏன் சொன்னார்கள்?' என்றும் அது கேட்கும். இவ்விரண்டாவது வினாவிலேதான் நம் வடசென்னையின் உயிர் இருக்கின்றது.

ஓர் ஊரிலுள்ள பல சாதியாரும் பல சமயத்தாரும் தம் ஊருக்கு ஒரு முஸ்லிம் துறவியின் பெயரே வாய்த்தது என்று பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்களாயின், அவர்கள் அத்துறவியைத் தம்மவராகக் கொண்டார்கள் என்பதற்கு அதனினும் சிறந்த சாட்சி வேறு யாது வேண்டும்? கும்பெனியாரின் குமாஸ்தா எழுதிவைத்த ஏட்டில் நிலவரியைக் காணலாம். இந்த அன்பை அதிற் காணவியலாது. திருக்குறளை அச்சிற் பதிப்பித்தவருள் ஒருவராகிய திருத்தணிகைச் சரவணப் பெருமாளையர், மஸ்தான் சாகிபுவைப் பாட்டுடைத் தலைவராக வைத்து நான்மணிமாலை இயற்றியிருக்கின்றார். சைவப் புலவர் ஒருவர் இஸ்லாமிய ஞானியைப் போற்றிப் பிரபந்தம் பாடிய செய்தியையும் ஊர்ப்பெயர்க் கதையையும் அருகருகே வைத்துப் பார்ப்பின், கற்றவரும் கல்லாதவரும் தத்தமக்கு இயன்ற வழியில் ஒரே மரியாதையைச் செலுத்தினர் என்பது புலனாகும். ஆகவே கதை பொய்த்த பின்னரும் சான்றாக நிற்கின்றது. எதற்குச் சான்று என்பது மட்டுமே மாறியது.

அண்டையிலுள்ள இராயபுரத்தையும் நோக்குக. பேதுரு என்னும் அப்போஸ்தலரைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னே, நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே அலையைக் கடந்து சரக்கும் மனிதரும் ஏற்றிவந்த படகுக்காரர்கள், 1829-ல் அவர் பெயரால் ஓர் ஆலயம் எழுப்பினர். இராயப்பர் பெயரே இராயபுரம் ஆயிற்று என்பது பெருவழக்கு. வடக்கே சென்றால் திருவொற்றியூர். அங்கே சுந்தரர் சங்கிலியாரை மணந்த வரலாறும் பட்டினத்தார் அடங்கிய இடமும் ஊர் முழுதும் அறிந்தவை. இராயபுரம் மேற்கு மாதா கோயில் தெருவிலோ பார்சிகளின் அக்கினி ஆலயம் 1910 முதல் நின்று வருகிறது. சில கல் தொலைவுக்குள் இத்தனை சமயங்களும் ஒன்றன் தோளில் ஒன்று கைவைத்து நிற்கும் இடங்கள் மிகச் சிலவே.

இவ்வழகு நேற்று உண்டானதுமன்று. திருவொற்றியூர்க் கோயிற் கல்வெட்டொன்று வியத்தகு செய்தியைக் கூறுகின்றது. கேரள நாட்டு வல்லபன் என்பார் சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு உற்ற தோழராயிருந்தார். 949-ல் தக்கோலப் போரில் இளவரசன் மடிந்தான். தாம் உடனிருந்து உயிர்விடாமற் போனமைக்கு நாணிய வல்லபன், கங்கையாடித் திரும்பி, திருவொற்றியூரில் தீட்சை பெற்று, சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு மடத்தலைவரானார். அக்கோயிலிலேயே பாணினியின் வியாகரணம் கற்பிப்பதற்கென ஒரு மண்டபம் இருந்ததையும் சாசனங்கள் தெரிவிக்கின்றன. எனவே இக்கடற்கரை, தொண்டியிலிருந்து வந்த பக்கிரிக்கு இடங்கொடுப்பதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, மலையாள நாட்டிலிருந்து வந்த நெஞ்சுடைந்த வீரனுக்கும் இடங்கொடுத்திருக்கின்றது. அயலாரை ஏற்று அடைக்கலம் தருதல் இதன் பழைய வழக்கம் எனலாம்.

இலக்கியத்துறைக்கு வருவோம். மஸ்தான் சாகிபுவின் பாடல்களில் அகத்தீசர் சதகம், நந்தீசர் சதகம், பராபரக்கண்ணி, மனோன்மணிக்கண்ணி என்பன அடங்கும். பெயர்களை நோக்கும்போதே, சித்தர் மரபும் சூபிகளின் ஞானமரபும் ஓரிடத்திற் கலந்தமை தெரியவரும். இவர் தனியராகத் தோன்றியவரல்லர். 1572-ல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரமசலா முதல், உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஊடாக, நீண்டதோர் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பரம்பரை உண்டு. அரபு நாட்டை வருணிக்கப் புகுந்த உமறுப்புலவர், தமிழ்க் காப்பிய மரபு வழுவாமல் மலையும் வயலும் புனலுமாக அதனைத் தீட்டினார். இத்துணை வளத்தையும் இலங்கை அறிஞர் ம. மு. உவைஸ் 1953-லேயே ஆங்கில நூலொன்றில் எடுத்துக்காட்டினார். பின்னர்த் தமிழிற் பல தொகுதிகளாக வரலாறு வகுப்பதிலும் ஈடுபட்டார். ரோணித் ரிச்சி என்னும் அம்மையார் 2011-ல் வெளியிட்ட நூலில், ஆயிரமசலாவின் மூலக்கதை அரபியிலிருந்து தமிழிலும் மலாயிலும் சாவகத்திலும் எவ்வாறு உருமாறிச் சென்றது என்பதை ஆராய்ந்துள்ளார். நபிகள் நாயகத்தை நோக்கி யூத அறிஞரொருவர் வினாக்கள் விடுப்பதும் அவர் விடை பகர்வதுமாக அமைந்த இக்கதை, கப்பலேறிக் கடல் கடந்தபோது ஒவ்வொரு துறையிலும் அவ்வத் துறையின் மொழியை உடுத்துக்கொண்டது. இஸ்லாத்தை அரபு நாட்டிலேயே தேடிவந்த பழைய ஆராய்ச்சிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. ஆயினும் நம் தமிழ் வகுப்புகளில் சீறாப்புராணத்துக்குச் சில பாட்டளவே இடம் கிடைக்கின்றது. மஸ்தான் சாகிபுவுக்கு அதுவும் அரிது. இதனைக் குறையென்றே சொல்வோம்.

படக்காட்சியை ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வதா என்று முகஞ்சுளிப்போர் இன்றும் உளர். அவர்களுக்குச் சில செய்திகளை நினைவூட்டுகின்றோம். தென்னாட்டின் முதல் ஊமைப் படமாகிய கீசக வதத்தை நடராஜ முதலியார் எடுத்தது, 1693-ல் கும்பெனி பெற்ற மூன்று ஊர்களில் ஒன்றாகிய புரசைவாக்கத்தில். தமிழின் முதற் பேசும் படமெனப்படும் காளிதாஸ் 1931 அக்டோபர் 31-ந் தேதி வால்டாக்ஸ் சாலையிலிருந்த கினிமா சென்டிரலில் திரையிடப்பெற்றது. இவ்விரண்டு படங்களின் பிரதிகளும் இன்று கிடைக்கவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வல்லபனின் வரலாறு கல்லிற் கிடைக்கின்றது. ஏறக்குறைய நூறாண்டுக்கு முற்பட்ட படமோ காற்றோடு போயிற்று! அக்காலத்துப் படங்கள் பலவற்றுக்குப் பாட்டுப் புத்தகங்களும் விளம்பரத் தாள்களுமே எஞ்சியுள்ளன. அவ்வெச்சங்களைக் கொண்டு சு. தியடோர் பாஸ்கரன் 1981-ல் வெளியிட்ட நூல், நாடகமும் சினிமாவும் தேசிய இயக்கத்தின் தூதுவராய் நின்றதை நிலைநாட்டியது. அதே ஆண்டில் கா. சிவத்தம்பி தமிழ்ப்படத்தை அரசியற் சாதனமாக ஆராய்ந்தார். 1992-ல் எம். எஸ். எஸ். பாண்டியன், எம். ஜி. ஆரின் திரையுருவம் ஏழை மக்கள் உள்ளத்தில் எவ்வாறு வேலை செய்தது என்று ஆராய்ந்து எழுதினார். இவை வெளிவந்த பின்னும் சினிமாவை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளுதல், கண்ணை மூடிக்கொண்டு சூரியன் இல்லையென்பதை ஒக்கும்.

படக்காட்சியும் இஸ்லாமிய ஆராய்ச்சியும் சந்திக்கும் இடமும் உண்டு. 1956-ல் வெளிவந்த அலிபாபாவும் 40 திருடர்களும், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். அரபுக் கதையொன்றைத் தமிழ் மக்கள் தம் வீட்டுக் கதைபோற் கொண்டாடினர். 1992-ல் ரோஜாவும் 1995-ல் பம்பாயும் வெளிவந்தபோதோ, திரையில் முஸ்லிமை எவ்வாறு காட்டுவது என்பது நாடளாவிய விவாதமாயிற்று. இந்நாற்பது ஆண்டுக்குள் நேர்ந்த மாறுதல் யாது, அதன் காரணம் யாது என்பதைச் சரித்திர அறிவும் சமய அறிவும் திரையறிவும் ஒருங்கேயுடையவன் அன்றி வேறு யார் சொல்லவல்லார்?

வடசென்னைக்கும் திரையினிடம் தீர்க்கவேண்டிய கணக்கு ஒன்றுண்டு. கத்தியும் கஞ்சாவும் சண்டையும் உள்ள இடம் வேண்டுமானால் வடசென்னை என்று நெடுங்காலம் படக்காரர் எண்ணினர். அவ்வெண்ணம் திரையோடு நிற்கவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞன் தன் விலாசத்தை எழுதத் தயங்கும் அளவுக்குப் போயிற்று. 2014-ல் மெட்ராஸ், 2018-ல் வடசென்னை, 2021-ல் சார்பட்டா பரம்பரை என்னும் படங்கள் வேறு கேள்விகளைக் கேட்டன: குடியிருப்பில் ஒரு சுவர் யாருக்குரியது? மீனவர் குப்பத்து நிலம் எதன் பொருட்டுப் பறிபோகின்றது? குத்துச்சண்டைப் பரம்பரைகளில் மானமும் சாதியும் அரசியலும் எவ்வாறு பிணைந்தன? இவற்றை வரவேற்கின்றோம். ஆனால் இப்படங்களையே வடசென்னையின் சரித்திரமென்று கொள்வதும் பிழையாகும். தண்டையார்பேட்டைக் கதைக்கு வைத்த உரைகல்லையே இவற்றுக்கும் வைக்கவேண்டும். காட்டியது நிகழ்ந்ததா என்று முதலிற் கேட்போம்; நிகழாததாயின் ஏன் காட்டினர், மக்கள் ஏன் அதனைத் தமதென்று ஏற்றனர் என்று அடுத்துக் கேட்போம்.

சரித்திரத்திலும் இத்தகைய திருப்பமே நேர்ந்துள்ளது. கவர்னர்களின் வரிசையையும் போர்களின் தேதியையும் ஒப்புவித்த காலம் போய், எழுதுவோரையும் உழைப்போரையும் பற்றிய ஆராய்ச்சி வந்துவிட்டது. பவானி ராமன் 2012-ல் வெளியிட்ட நூலில், சென்னைக் கும்பெனி ஆட்சி காகிதத்தின்மேல் நின்ற வகையையும் அதனை எழுதிய கணக்கர்களையும் ஆராய்கின்றார். தண்டையார்பேட்டைச் செய்தியில் ஏட்டை நம்பிய நாம், ஏடு எழுதியவன் யாருக்காக எழுதினான் என்றும் கேட்கவேண்டும் என்பதை இத்தகைய நூல்களிலிருந்து கற்கலாம். பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு 1918-ல் சென்னைத் தொழிற்சங்கம் தோன்றிய வரலாற்றைத் திலீப் வீரராகவன் ஆராய்ந்தெழுதிய நூல், அவர் மறைந்தபின் 2013-ல் வெளியாயிற்று. பார்வையற்ற அறிஞர் ஒருவர், கண்ணுடைய நாம் காணாத நம் பாட்டன்மாரைக் கண்டு சொன்னார் என்பதை மாணவர் மறவாதிருப்பாராக.

இனி ஆட்சேபங்கள். ஒவ்வொரு துறையும் ஆழமானது; நான்கையும் கலந்தால் நுனிப்புல் மேய்தலாகுமன்றோ என்பர். துறைகளைக் கலக்கச் சொல்கின்றோமல்லேம். ஒருவர் மற்றவரோடு பேசவேண்டுமென்றே சொல்கின்றோம். சாசனம் படிப்பவன் சாசனமே படிக்கட்டும். ஆனால் பக்கத்து அறையில் மனோன்மணிக்கண்ணி படிப்பவன் யாரென்றாவது அவனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். ஒரு சமயத்தைப் பிற சமயத்தார் ஆராய்தல் தகுமோ என்பர் வேறு சிலர். சரவணப் பெருமாளையரின் நான்மணிமாலையே அதற்கு விடை. மரியாதையோடு அணுகுபவனுக்கு வாயில் திறந்தேயிருக்கும்; குற்றம் பிடிக்க வருபவனுக்குத் தன் சமயத்திலும் கதவு அடைத்தேயிருக்கும். உலகம் அறிய வேண்டுமாயின் ஆங்கிலத்திலன்றோ எழுதவேண்டும் என்பர் பிறர். எழுதுக, வேண்டாமென்பார் யார்? ஆனால் காசிமேட்டில் ஓர் ஆயா சொன்ன செய்தி கடல் கடந்து சென்று நூலாகித் திரும்பும்போது, அவள் பேரன் அதனைப் படிக்கமாட்டாத மொழியிலேயே அது நின்றுவிடுமாயின், அவ்வாராய்ச்சி வாங்கிய கடனைத் தீர்க்கவில்லையென்றே சொல்லவேண்டும்.

இதில் காலதாமதம் கூடாது. 1875-ல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1881-ல் புயலாற் சிதைந்து, மீண்டும் கட்டப்பெற்ற சென்னைத் துறைமுகம், கடலோட்டத்தில் வரும் மணலைத் தெற்கே தடுத்து நிறுத்தியது. அதனால் மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. கற்கோட்டை இட்டுக் காத்தும், போன தெருக்கள் போனவையே. குப்பங்கள் பெயர்ந்தபோது குடும்பங்களும் பெயர்ந்தன. அவற்றோடு பெயர்களும் கதைகளும் பெட்டிகளிலிருந்த காகிதங்களும் சிதறின. எண்ணூரில் முகத்துவாரத்து மீனவரின் தொழிலும் ஆலைகளாலும் எண்ணெய்க் கசிவாலும் நைந்து வருகின்றது. தொழில் மறையுமாயின் தொழிலுக்குரிய சொற்களும் மறையும். இராயபுரத்தினின்றும் வாலாஜா ரோடுக்கு 1856 ஜூலை முதல் தேதியன்று தென்னாட்டின் முதற் பயணிகள் புகைவண்டி புறப்பட்ட செய்தி அச்சில் உள்ளது; ஆதலின் அழியாது. அந்நிலையத்தில் மூட்டை சுமந்தவனின் செய்தி அவன் பேரன் பேத்தியர் வாயில் மட்டுமே உள்ளது.

ஆகவே மாணவ நண்பர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், பழைய மாணவர்களுக்கும் நாம் பணிந்து கூறும் யோசனைகள் சில. முதலாவது, வடசென்னையிலிருந்து வரும் மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தத்தம் தெருவின் பெயர்க்காரணத்தை மூவரிடம் கேட்டு, மூவர் சொன்னதையும் வேறுபாடு நீக்காமல் எழுதி வருக. இரண்டாவது, வீட்டுப் பரணிலுள்ள பாட்டுப் புத்தகம், சங்கத் துண்டுப் பிரசுரம், திருவிழா நோட்டீசு, தர்காவின் கந்தூரி அறிவிப்பு முதலியவற்றைப் பழைய காகிதக்காரனுக்குப் போடுமுன் நம் புத்தகசாலைக்குக் காட்டுக. மூன்றாவது, அரபெழுத்தில் எழுதிய தமிழ் நூல்களைப் படிக்கும் முறையை, அறிந்த முஸ்லிம் மாணவர் மற்றையோர்க்குக் கற்பிக்க. வாரத்தில் ஒரு மாலைப்பொழுது இதற்குப் போதும். நான்காவது, ஆண்டுதோறும் இம்மலரின் தமிழ்ப்பகுதியில், அவ்வாண்டு வெளிவந்த புதிய ஆராய்ச்சி நூல்களுள் நான்கினது சாரத்தையாவது எளிய தமிழில் வெளியிடுவோமாக. அப்பக்கங்கள் கல்லூரி வாயிலோடு நில்லாமல், தண்டையார்பேட்டை வாசகசாலை மேசையிலும் கிடக்கவேண்டும்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கேட்கும் பொறுமையும் எழுதும் கையும் இருந்தாற் போதும். தொண்டியிலிருந்து வந்த ஒரு பக்கிரியை ஓர் ஊரே தன் பெயருக்கு உரியவராக்கிக் கொண்டது. அவ்வூரின் பிள்ளைகளாகிய நாம், ஏடு சொல்வதையும் ஊர் சொல்வதையும் ஒருங்கே அறிந்து, இரண்டையும் நம் மக்களுக்குத் தெளிவுறச் சொல்லும் ஆற்றல் பெறுவோமாக. அதனைச் செய்யத்தக்கவர் நம் மாணவரே என்பதில் எமக்கு ஐயமில்லை.